அத்தை வீட்டு மாடியில் காய்ந்தது

என் அன்பு மக்கள் எஸ்தருக்கும் டேனியலுக்கும் அப்பா எழுதுவது.

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் போதகர் ஐயா எழுதியிருக்கிறார். அத்தையோடு வேலை பார்த்த அம்மாமார் எழுதியிருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன்னே எல்லாவற்றையும் என்னிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். அத்தை தன் வாழ்நாளில் யாரிடமும் கோபித்ததே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு யாருக்கோ எழுதி வைத்திருந்ததை எடுத்து இங்கே கொடுத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தை கோபித்தார்கள். என் மேல் கோபித்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உங்களிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் டேனியல் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

அத்தை பிறந்தது காரியாபட்டிக்குப் பக்கத்தில், மழையை நம்பி விதைக்கிற ஒரு சின்ன ஊர். அவர்களுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எங்கள் அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவதால் அத்தை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். டீச்சர் நல்ல மனுஷி. என்னைப் பெஞ்சுக்கு அடியில் உட்கார விட்டார். அப்புறம் அத்தை ஹாஸ்டலில் தங்கிப் படித்து, நர்சு டிரெயினிங் முடித்து, வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குக் கிராம நர்சாக வந்தார்கள். ஊசி, மாத்திரை, பிரசவம், பச்சைப் பிள்ளைக்கு எடை பார்ப்பது என்று ஓய்வு பெறும் வரைக்கும் அதே வேலை.

அத்தை ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று சொந்தத்தில் பல கதை உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. நடந்தது இதுதான். மூன்று இடத்திலிருந்து பார்க்க வந்தார்கள். மூன்று பேருமே கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் சொன்னபோது அத்தை கையில் காப்பித் தட்டோடு நின்றார்கள். "அவுக வேலைய மொதல்ல அவுக விடட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவ்வளவுதான்.

என் கதை உங்களுக்குத் தெரியும். சிவகாசிக்கு வந்து தீப்பெட்டி, பிறகு பட்டாசு, பிறகு போர்மன். கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு அம்மா உண்டு. பைகளைச் சோதிப்பது நான். செல்போன், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. ஒரு தடவை ஒருத்தன் தூக்குச்சட்டியில் சோற்றுக்கு அடியில் பீடியும் தீப்பெட்டியும் புதைத்துக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து நான் சோற்றைக்கூட நம்பியதில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் தப்பில்லை; ஒரு குச்சி உள்ளே போனால் நாற்பது பேர் வீடு திரும்ப மாட்டார்கள். ஆனால் அந்தப் புத்தியைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாமல் போனேன்.

அத்தை ஓய்வு பெற்றதும் ஆனைக்குட்டம் போகிற ரோட்டோரம் ஒரு சின்ன மாடி வீடு கட்டினார்கள். நம் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. எங்கள் கம்பெனி வேன் அந்த முக்கில்தான் நிற்கும். சுற்று ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் அங்கே இறங்கி வேன் ஏறுவார்கள்.

எஸ்தர், நீ பிளஸ் ஒன் படித்த வருடம் அது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வேனுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து அத்தை வீட்டுக்குள் போவதைக் கவனித்தேன். கையில் ஒயர்க்கூடை. மேலே துண்டு போட்டு மூடியிருக்கும். மாடிக்கு ஏறுவார்கள். இறங்கும்போது கூடை காலி. சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிட்டதும் திரும்ப ஏறுவார்கள். இறங்கும்போது கூடையில் ஏதோ இருக்கும், மறுபடி துண்டு. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிப்பார்கள்.

பிறகு மாடியைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தது. பத்துப் பந்து கயிறு வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னார். மாடிக் குழாயிலிருந்து இறங்குகிற தண்ணீர் லேசாகத் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. வெடிமருந்து வாசனையை மறைக்கத்தான் இவ்வளவு சோப்பு என்று முடிவு செய்தேன்.

வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கருந்திரி என்று ஒன்று உண்டு. நூலில் வெடிமருந்துக் கரைசலைத் தோய்த்து வெயிலில் காயப்போட்டால் பட்டாசுக்குத் திரி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் போடுவது குற்றம். ஆனாலும் மறைவாக மாடியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பிடித்தால் வீடு மிஞ்சாது. எங்கள் ஊரில் மாடியை மூடி, கயிறு கட்டி, பிள்ளைகளை விட்டு எதையோ காயப்போட்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

அத்தையிடம் நேராகவே கேட்டேன்.

"யக்கா, மாடில என்ன இருக்கு?"

"வெயிலு."

"வெயிலா?"

"ஆமாலே. எம்புட்டு வேணும் உனக்கு? வாரி ஒரு வாளியில தரட்டா?"

"பூட்டு எதுக்கு?"

"கொரங்கு."

நம் தெருவில் நான் ஒரு நாளும் குரங்கு பார்த்ததில்லை. எஸ்தர், பள்ளிக்கூடம் விட்டு நீ பாதி நாள் அங்கேதான் இருந்தாய். உன்னைக் கேட்டேன். நீயும் கண்ணைச் சிமிட்டாமல், "ஆமாப்பா, பெரிய கொரங்கு" என்றாய். என் அக்கா பொய் சொல்கிறாள், என் மகளையும் சொல்ல வைத்திருக்கிறாள். ஒரு நாள் அந்த மாடி தீப்பிடித்தால் உள்ளே இருப்பது என் பிள்ளை. என் பயம் அதுதான். பயம் பொய்யில்லை. ஆனால் உங்கள் அம்மாவைக் கேட்டிருக்கலாம். "பொம்பளைக சமாச்சாரம், விடுங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது, இவளும் கூட்டு என்றுதான் நினைத்தேன்.

அன்று தலையாரியைப் பார்த்து, "அக்கா வீட்டு மாடிய ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க. எம் பேரு வரக்கூடாது" என்று சொன்னது நான்தான். இத்தனை வருடம் தெருவில் யார் யார் மேலோ போய் விழுந்த பழி அது. இன்றைக்கு எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

நான் நினைத்தது தலையாரி மட்டும் வருவார் என்று. மறுநாள் மதியம் போலீஸ் ஜீப்பே வந்தது. எஸ்.ஐ., இரண்டு போலீஸ், மணல் வாளியோடு ஒருவர். தெரு முழுக்கக் கூடிவிட்டது. நான் தற்செயலாக வந்தவன்போல நின்றேன்.

"அம்மா, தகவல் வந்திருக்கு. மாடியப் பாக்கணும்."

"பாருங்க. பொம்பளப் போலீஸு வந்து பாக்கட்டும்."

"அப்ப எதையோ மறைக்கிறீங்க."

"மறைக்கத்தான் செய்றேன் சார். ஆம்பளைககிட்ட இருந்து."

கூட்டத்தில் முணுமுணுப்பு. அப்போது அத்தை என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"நீயாலே சொன்ன?"

"நான் எதுக்குக்கா சொல்லப் போறேன்" என்றேன்.

அத்தை ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பி, "சார், இவன் பட்டாசு போர்மன். மருந்து ஒரு சிட்டிகை இருந்தாலும் இவன் மூக்குக்குத் தப்பாது. என் கூடப் பிறந்தவன். இவன் ஒருத்தன் ஏறிப் பாக்கட்டும், அவன் சொல்றத எழுதிக்கோங்க" என்று சாவியை என் கையில் வைத்தார்கள்.

நம்பித்தான் வைத்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மேலே வரிசை வரிசையாகக் கொடி. கொடியில் வெள்ளைத் துணிகள், பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தைத்த துணிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நிறத்தில் நூல் முடிச்சு. சிவப்பு, பச்சை, ஊதா. ஓரத்தில் சின்னத் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கொடி, ஒரு ஸ்டவ், தண்ணீர் கொதிக்க வைக்கிற அண்டா, சோப்பு. எனக்கு அப்போதும் புரியவில்லை. திரி தோய்க்கிற துணி என்று நினைத்து ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தேன். கந்தகம் இல்லை. இன்னொன்றை எடுத்து முகர்ந்தேன். அதன் நடுவில் துவைத்தும் போகாத மங்கிய கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அது என்ன துணி என்று விளங்கியது.

மக்களே, எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. என்னைத் தூக்கி வளர்த்த அக்கா, என் மனைவி, என் மகள், மூன்று பெண்களோடு வாழ்ந்தவன். இந்தத் துணி நம் வீட்டில் எங்கே காய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊரில் எல்லாருடைய கூடையையும் திறந்து பார்த்தவனுக்கு அது தெரியாது.

கீழே இறங்கினேன். "துணி சார். வெறும் துணி" என்றேன்.

"என்ன துணி? அதுக்கு எதுக்குப் பூட்டு?"

நான் முழிக்க முழிக்க எஸ்.ஐ.க்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் அத்தைதான் சொன்னார்கள், தெருவுக்கே கேட்கும்படி.

"மாசத் துணி சார். வீட்டுல காயப்போட இடமில்லாத பிள்ளைக துணி. போதுமா, இன்னும் சத்தமாச் சொல்லணுமா?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எல்லாரும் போன பிறகு அத்தை என் கையிலிருந்து சாவியைப் பறித்தார்கள்.

"ஒத்த வார்த்தை. பொம்பளப் பிள்ளைக துணின்னு. சொல்றதுக்கு உனக்கென்னலே கேடு? இனி ஒருத்தியாச்சும் இந்தப் படி ஏறுவாளா?"

ஏறவில்லை. மறுநாள் வேனுக்கு நேராக வந்து நின்றார்கள். ஒருத்தியும் அத்தை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அதில் ஒரு பிள்ளையை முத்துமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பேர் அதுவல்ல. எங்கள் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். பத்தொன்பது வயது. வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. அப்பா, இரண்டு அண்ணன்கள், எல்லாரும் அதற்குள்தான். துணியை வெயிலில் போட முடியாது. ஈரப் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட வேண்டும். அது காயவே காயாது. அதையே எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருவாள். புண் வந்துதான் முதலில் அத்தையைத் தேடிப் போயிருக்கிறாள். கம்பெனியிலும் கொடுமை. பீஸ் ரேட் வேலை, எழுந்து போனால் நஷ்டம். கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை, மேலே கூரையும் இல்லை. இரண்டு தடவைக்கு மேல் எழுந்து போகிற பிள்ளையை, செல்போன் ஒளித்து வைத்திருப்பாளோ என்று சந்தேகமாகப் பார்ப்பதற்குக் கேட்டில் நான் ஒருத்தன். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அத்தை வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்ததும் என்னைப் பார்த்துப் பயந்து இல்லை. ஆளுக்கு ஒரு செம்பு குடிக்காமல் அத்தை வேனுக்கு விட்டதில்லை.

மாடி நின்றுபோன இரண்டாம் மாதம் முத்துமாரி குளிர் காய்ச்சலோடு விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூத்திரத்தில் கிருமி சேர்ந்து கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். அத்தை எட்டு நாள் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நான் ஒரு நாள் இளநீரோடு போனேன். அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள். அத்தை இளநீரை வாங்கி வைத்துவிட்டு, "கதவுக்குக் கொண்டி போடச் சொல்லு. போ" என்றார்கள்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். பதினைந்து வருடம் அவரிடம் எதுவும் கேட்காதவன்.

"யாருவே சொல்லி விட்டா? யூனியனா?" என்றார்.

"இல்லய்யா, எங்க அக்கா."

"அவுகளுக்கு நம்ம கக்கூஸப் பத்தி எப்படித் தெரியும்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகம் என்றால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் கொண்டி வந்தது. கூரை வந்தது. ஒரு தண்ணீர் டிரம்மும் வந்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டேன். பைகளைப் பார்ப்பதை விடவில்லை, அதை விடக்கூடாது.

அத்தை வீடு வீடாகப் போனார்கள். அங்கேயும் சந்தேகம்தான் வாசலில் நின்றது. ஒரு தாய், "நர்சம்மா, நீங்க சர்ச்சுக்காரவுக. பிள்ளைகளக் கூப்பிட்டு வச்சு மதம் மாத்துறீகளாமே" என்றே கேட்டாள்.

"நான் மாத்தச் சொல்றது துணியத்தான் தாயி, நாலு மணி நேரத்துக்கு ஒருக்க. சாமிய நீயே வச்சுக்கோ" என்றார்கள் அத்தை. அந்தத் தாய் சிரித்துவிட்டாள். அவள் மகள்தான் முதலில் திரும்பி வந்தாள். அப்புறம் முத்துமாரி. மறுபடி வரிசைகள் நிறைய ஒரு வருடம் ஆனது. வந்தவர்களுக்கு அத்தை ரத்தம் குறைவா என்று பார்த்து, முருங்கைக்கீரையும் கடலை மிட்டாயும் கொடுத்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

என்னோடு அத்தை பேசாமல் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குத் துணி எடுத்தார்கள். என் சர்க்கரையைத் திட்டித் திட்டி இறக்கினார்கள். ஆனால் "நீயாலே சொன்ன?" என்று இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். தெரிந்துதான் கேட்கவில்லையோ என்றும் சந்தேகம். கடைசியில் இருதயம் வீங்கி ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நாள், "யக்கா, அன்னைக்கு" என்று ஆரம்பித்தேன். "காத்தாடியக் கொஞ்சம் கொறைலே" என்றார்கள். குறைத்தேன். அதிலிருந்து மூன்றாம் நாள் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அடக்கத்துக்கு எனக்குத் தெரியாத பெண்கள் நிறைய வந்தார்கள். இத்தனை பேர் எதற்கு அழுகிறார்கள், வீட்டில் பங்கு கேட்பார்களோ என்று என் கண் சும்மா இருக்கவில்லை. மறுநாள் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது மாடிச் சாவியைக் காணோம். நேராகக் கேட்டுக்குப் போய் முத்துமாரியை நிறுத்தினேன்.

"மாடிச் சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு அண்ணாச்சி. நர்சம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளே குடுத்தாக." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்டக் குடுக்க வேண்டாம்னாக. கோவிச்சுக்காதீக."

கோபிக்கவில்லை. "வச்சுக்கோ" என்றேன். அத்தை வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நான் சம்மதிக்காததற்குக் காரணம் கேட்டீர்களே, இதுதான் காரணம். நான் போன பிறகும் நீங்கள் இரண்டு பேரும் சம்மதிக்கக்கூடாது. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று முத்துமாரியிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆம்பளைகளும் படிக்கட்டும்" என்றாள்.

அத்தையின் கடைசி நாட்களில் இரவும் பகலும் பார்த்த ஆஸ்பத்திரி நர்சு பிள்ளைகளுக்கும், சோறு கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், அன்று சிரித்தாலும் அடக்கத்தன்று பந்தல் போட்டு நின்ற தெருக்காரர்களுக்கும் நம் குடும்பத்தின் நன்றி. எங்கள் கம்பெனி வேன் டிரைவருக்குத் தனியாக ஒரு நன்றி. தினமும் பிள்ளைகள் மாடியை விட்டு இறங்கும் வரை ஐந்து நிமிஷம் நின்று போவார். அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. போன ஐப்பசியில் ஒரு மழை நாளில் மாடியில் காய்ந்த துணிகளை நனையாமல் எடுத்து வைத்தது யார் என்று பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரங்கு என்று ஒருத்தி சொன்னாளாம்.

அன்று எனக்கு லீவு. மதியம் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. பிள்ளைகள் எல்லாரும் கம்பெனிக்குள். செல்போன் இல்லாமல் அவர்களுக்குச் சொல்லவும் வழியில்லை. அத்தை வீட்டுப் பின்பக்கம் போய் மூங்கில் ஏணியைச் சாய்த்து, தகரத்தில் ஒன்றைத் தளர்த்திக்கொண்டு மாடிக்குள் இறங்கினேன். முதல் தூறல் விழுந்துவிட்டது. ஒவ்வொரு துணியாக எடுத்து, மூலையில் இருந்த நூலின் நிறத்தைப் பார்த்து, ஒன்றோடு ஒன்று கலக்காமல், வெளியே தொங்கிய அதே வரிசையில் கொட்டகைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினேன். இந்தத் தடவை எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. கடைசித் துணியைப் போட்டு முடித்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி, காற்றில் திறக்காமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, தகரத்தைப் பழையபடி பொருத்தி, மழைக்குள் இறங்கி வந்தேன்.